கைக்கு வராத மணவிலக்கு

ஆசிரியருக்கு,

இஸ்ரேலில் யூதர்களுக்குச் சிவில் மணவிலக்கு கிடையாது. 1953ஆம் ஆண்டுச் சட்டப்படி ரபிகள் எனப்படும் யூத மதகுருக்களின் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். அந்த நீதிமன்றமும் தானாக மணத்தை முறித்துவிட முடியாது. கணவன் சொல்லி, எழுத்தர் கையால் எழுதிய 12 வரிப் பத்திரமான 'கெட்'டை, இரு சாட்சிகள் முன்னிலையில் அவனோ அவன் நியமிக்கும் ஆளோ மனைவியின் குவித்த கைகளில் போட வேண்டும். பெயரில் ஒரு எழுத்து பிசகினாலும் சிக்கல்தான்.

அவன் மறுத்தால் அவள் 'அகுனா', அதாவது மணத்தில் கட்டுண்டு கிடப்பவள். மறுமணம் செய்ய வழியில்லை. வேறொருவர் மூலம் அவளுக்குப் பிள்ளை பிறந்தால் அந்தப் பிள்ளையின் திருமணத்துக்கும் தடை வரும். இது கொடுமை.

இஸ்ரேலின் 1995ஆம் ஆண்டுச் சட்டம், நீதிமன்றம் சொல்லியும் கெட் தர மறுக்கும் கணவனின் ஓட்டுநர் உரிமத்தைப் பறிக்கவும் அவனைச் சிறையில் அடைக்கவும் இடம் தருகிறது. சிறைக்குப் போயும் மசியாதவர்கள் உண்டு.

அமெரிக்காவின் ஆர்த்தடாக்ஸ் (மரபுவழி) ரபிகளின் திருமண முன் ஒப்பந்தம் கெட்டிக்காரத்தனமானது. கெட் தரும்வரை, பிரிந்து வாழும் நாளொன்றுக்கு வழக்கமாக 150 டாலர் கணவன் தர வேண்டும். அபராதம் என்று எழுதினால், கட்டாயத்தில் கொடுத்த கெட் செல்லாது என்ற வாதம் எழும். ஆகவே ஜீவனாம்சம் என்றே எழுதுகிறார்கள். சண்டை மூண்ட பிறகு எவனும் கையெழுத்திட மாட்டான். கையெழுத்தில்லாமல் மணம் நடத்திவைக்க மாட்டேன் என்று ஒவ்வொரு ரபியும் சொல்ல வேண்டும்.

– வாசகி, மதுரை