சரசுவுக்கு, வனிதாவின் புது வேலை பற்றி

பந்தலூர்,
ஞாயிறு மதியம்

அன்புள்ள சரசு,

நலம். உன் கடிதம் கிடைத்தது. இங்கே விடாத மழை, ஒரு துணி காயவில்லை.

வனிதாவுக்கு ஆடிட் கம்பெனியில் வேலை கிடைத்ததில் ரொம்பச் சந்தோஷம். மில், தோட்டம் என்று போய்த் தொழிலாளிகளுக்கு எல்லாம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்கிற வேலை என்கிறாய். "நீ எஸ்டேட் டிஸ்பென்சரியில் இருந்தவளாச்சே, அவளுக்கு ஏதாவது சொல்லு" என்று கேட்டிருந்தாய். சரி, சொல்கிறேன்.

ஆடிட் வரப்போவது எங்கள் தேயிலை எஸ்டேட்டில் முன்னாடியே தெரிந்துவிடும். ரோட்டோரக் கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு அடிப்பார்கள். பூட்டியே கிடக்கும் கக்கூஸைத் திறந்து பினாயில் ஊற்றுவார்கள். நான் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன மாத்திரையெல்லாம் அன்றைக்குத்தான் ஜீப்பில் வந்து இறங்கும். ஸ்ப்ரே அடிக்கிறவர்களுக்குக் கையுறையும் முகமூடியும் கொடுத்து, சாயங்காலம் எண்ணித் திருப்பி வாங்கிக்கொள்வார்கள்.

ஜார்க்கண்டிலிருந்து வந்த பெண் ஒருத்தியிடம் ஆடிட்டர் பேசியபோது நான் பக்கத்தில் நின்றிருந்தேன். சம்பளம் முழுசாக வருகிறதா, ஏடிஎம் கார்டு உன் கையில்தான் இருக்கிறதா, கொழுந்து எடையில் தண்ணீருக்கென்று எவ்வளவு கழிக்கிறார்கள் என்றெல்லாம் தமிழில் கேட்டார். நல்ல கேள்விகள்தான். அதை அவளுக்கு இந்தியில் சொன்னது யார் தெரியுமா? அவளைக் கூட்டிக்கொண்டு வந்த மேஸ்திரி! அத்தனை நீளக் கேள்விக்கு அவர் இரண்டு வார்த்தை சொன்னார், அவள் தலையாட்டினாள். "எல்லாம் நல்லா இருக்குன்றா சார்." ஆடிட்டர் டிக் போட்டார். அவள் கையுறையில் விலைச்சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை. அவளுடைய கார்டு மேஸ்திரியிடம் இருப்பது லயத்தில், அதுதான் தொழிலாளர் வரிசை வீடுகளில், சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அந்த ஆடிட்டரைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். ஆனால் அவருக்குப் பில் கட்டுவது எஸ்டேட். கறாராக எழுதினால் அடுத்த தடவை வேறு கம்பெனியைக் கூப்பிடுவார்கள்.

அதனால்தான் சர்க்கார் இன்ஸ்பெக்டர் வேண்டும் என்கிறேன். 1947-ல் ஐ.எல்.ஓ. என்கிற சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு இன்ஸ்பெக்டர்களுக்கென்று கொண்டுவந்த 81-ஆம் உடன்படிக்கையை இந்தியா 1949-லேயே ஏற்றுக்கொண்டது. அதன்படி இன்ஸ்பெக்டர் முன்கூட்டிச் சொல்லாமல், ராத்திரியானாலும் உள்ளே போகலாம். புகார் சொன்னது யார் என்று முதலாளியிடம் மூச்சு விடக்கூடாது. ஆட்சி மாறினாலும் அவர் வேலைக்கு ஆபத்து வரக்கூடாது. ஆனால் அது தொழிற்சாலைகளுக்கானது. விவசாய வேலைக்கென்று 1969-ல் வந்த 129-ஆம் உடன்படிக்கையை நாம் ஏற்கவில்லை. கொழுந்து ஃபேக்டரிக்குள் போனால் அதற்கு ஒரு நியாயம், அதைப் பறித்தவளுக்கு வேறு நியாயம்!

இன்னொன்றும் மனசை அரிக்கிறது. வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கான 1979 சட்டம் ஐந்து பேர் இருந்தாலே பொருந்தியது. 2020-ல் வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பு அதைப் பத்துப் பேர் என்று ஆக்கிவிட்டது. எட்டுப் பேரை வைத்து வேலை வாங்கும் சின்னத் தோட்டத்தை யார் போய்ப் பார்ப்பது? எந்த இடத்துக்கு இன்ஸ்பெக்டர் போவது என்பதை இப்போது கம்ப்யூட்டரே எடுத்துக்கொடுக்கிறதாம். ஆளைப் பார்த்து, மாமூல் பார்த்துப் போவதற்கு அது தேவலைதான். ஆனால் அழுதுகொண்டு ஒருத்தி புகார் சொன்னால், கம்ப்யூட்டர் அந்தத் தோட்டத்தின் பெயரைத் துப்பும்வரை காத்திருக்க முடியுமா?

நம் அப்பா அம்மாவும் இந்தியாவும் இலங்கையும் போட்ட 1964 ஒப்பந்தத்துக்கு அப்புறம் கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாக இங்கே வந்தவர்கள்தானே. நம்மை 'சிலோன்காரங்க' என்பார்கள். நமக்காவது வாய்விட்டுச் சண்டை போடத் தமிழ் இருந்தது. இந்தப் பெண்களுக்கு அதுவும் இல்லை.

வனிதாவிடம் இதைச் சொல். மொழிபெயர்க்க ஆளைக் கோயம்புத்தூரிலிருந்தே கூட்டிப் போகட்டும். தோட்டம் கொடுக்கிற ஆள் வேண்டாம். ஆபீஸ் ரூமில் உட்காராமல் ஞாயிற்றுக்கிழமை லயத்துக் குழாயடியில் நிற்கட்டும். சம்பளச் சீட்டைக் கேட்பதற்கு முன்னால் ஏடிஎம் கார்டைக் காட்டச் சொல்லட்டும். கம்பெனியில் இதற்கெல்லாம் விடுவார்களா என்பது வேறு விஷயம்.

அடுத்த மாதம் அண்ணன் பேத்தி காதுகுத்துக்குக் கோயம்புத்தூர் வருகிறேன். மறுநாள் உன் வீட்டில்தான் சாப்பாடு. அன்றைக்கு வனிதாவை லீவு போடச் சொல், நிறையப் பேச வேண்டியிருக்கிறது.

அன்புடன்,
பாக்கியம்