'ரெடி' என்று கணினி சொன்னால் போதாது: சென்னையின் உள்கட்டமைப்பு மேலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தரமணி, சோழிங்கநல்லூர், சிறுசேரி, அம்பத்தூர் என்று இந்த நகரின் மென்பொருள் நிறுவனங்களில் சர்வர்களுக்கும் அவற்றைக் காத்துநிற்கும் பிள்ளைகளுக்கும் பொறுப்பேற்றிருக்கும் மேலாளர்களுக்கு வணக்கம்.

நானும் இந்த வேலையில்தான் பல ஆண்டுகளாக இருக்கிறேன். ஓடிக்கொண்டிருக்கும் கண்டெய்னர் கிளஸ்டரில் புதிய சர்வர்களைச் சேர்ப்பதை ஓர் இரவு வேலையாக ஒப்படைக்காதீர்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். (ஒரு செயலியை அதற்கு வேண்டியவற்றோடு சேர்த்துக் கட்டி ஓட்டும் பொட்டலம் கண்டெய்னர்; அவற்றை ஓட்டப் பல சர்வர்கள் ஒன்றாகச் சேர்ந்த கூட்டம் கிளஸ்டர்.) சேர்த்த சர்வரைச் சுமைக்குத் திறந்துவிடலாமா, வேண்டாமா என்று சொல்லும் உரிமையை அந்த வேலையைச் செய்கிறவருக்கே கொடுங்கள்.

முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். தீபாவளிக்கு நான்கு நாள் இருந்தது. இரவு எட்டு மணிக்கு மேலிடத்திலிருந்து ஆணை வந்தது: பன்னிரண்டு சர்வர்கள் உள்ள கிளஸ்டரில் மேலும் ஆறைச் சேர்க்க வேண்டும், விடிவதற்குள் முடிய வேண்டும். பணியில் இருந்த பெண்ணுக்கு வேலையில் சேர்ந்து ஓராண்டுகூட ஆகவில்லை. "ஃபயர்வால் குழுவிடம் ஒருமுறை கேட்டுவிடலாமா, சார்?" என்று கேட்டாள். சர்வர்களுக்கிடையே எந்த வழி திறந்திருக்கலாம், எது மூடியிருக்க வேண்டும் என்று பார்ப்பது அந்தக் குழு; அதற்கு விண்ணப்பம் போட்டால் மூன்று வேலை நாள் ஆகும். அதற்கெல்லாம் நேரமில்லை என்று பதில் வந்தது.

நள்ளிரவு தாண்டியபோது ஆறு சர்வர்களுக்கும் நேராக 'ரெடி' என்று திரையில் வந்துவிட்டது. மேலாளர் வாழ்த்துச் சொல்லிவிட்டுத் தூங்கப் போனார். பணம் செலுத்தும் சேவையை ஓட்டும் கண்டெய்னர்களின், அதாவது பிரதிகளின், எண்ணிக்கையைப் பத்திலிருந்து இருபதாக உயர்த்தினார்கள். காலையில் கடை திறந்தது. முகப்புப் பக்கம் பளிச்சென்று வந்தது. பொருளைத் தேர்ந்தெடுக்க முடிந்தது. பணம் கட்டும் இடத்தில் இரண்டில் ஒரு வாடிக்கையாளர் அப்படியே நின்றுபோனார்.

என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 'ரெடி' என்ற சொல்லுக்கு உங்களில் பலர் கொடுக்கும் பொருள் ஒன்று, அதன் உண்மையான பொருள் வேறொன்று. புதிய சர்வரில் ஓடும் கியூப்லெட் என்ற ஏவலாள், கிளஸ்டரை நடத்தும் தலைமைச் சர்வரின் 6443ஆம் போர்ட்டோடு (எண் போட்ட நுழைவாயிலோடு) பேசி, 'நான் நலமாக இருக்கிறேன், கண்டெய்னர்களை ஓட்டத் தயார்' என்று தகவல் அனுப்புகிறது. 'ரெடி' சொல்வது அவ்வளவுதான். ஒரு சர்வரில் இருக்கும் கண்டெய்னர் இன்னொரு சர்வரில் இருக்கும் கண்டெய்னரோடு பேசுகிற பாதை வேறு. எங்கள் கிளஸ்டரில் அது தகவலைப் பொதிந்து அனுப்பும் விஎக்ஸ்லேன் என்ற முறையில், யூடிபி என்ற அனுப்பு நெறியின் 4789ஆம் போர்ட் வழியாகப் போனது. புதிய ஆறும் வேறொரு ரேக்கில் (சர்வர்களை அடுக்கும் சட்டத்தில்) இருந்தன. இரண்டு ரேக்குகளுக்கும் நடுவே இருந்த ஃபயர்வாலில் 6443 திறந்திருந்தது, 4789 மூடியிருந்தது.

சேவை ஆயத்தமாக இருக்கிறதா என்று சோதிப்பதும் அதே சர்வரில் உள்ள கியூப்லெட்தான். வீட்டுக்குள் நின்றுகொண்டு வீட்டுக்குள்ளேயே குரல் கொடுத்துப் பார்ப்பது போன்றது அது. ஆகவே எல்லாச் சோதனையிலும் தேர்ச்சி. தெருவிலிருந்து கூப்பிட்டவர்களுக்கு மட்டும் பதிலே இல்லை.

பிரதிகளைப் பங்கிட்டுக் கொடுக்கும் ஷெட்யூலரின் குணத்தையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும். கல்யாணப் பந்தியில் புதிதாக ஒரு வரிசை இலை போட்டால், ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் யாரும் எழுந்து அங்கே போவதில்லை. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் காலியாக இருக்கும் அந்த வரிசையில்தான் உட்காருவார்கள். கிளஸ்டரிலும் இதுதான் நடக்கிறது. பழைய சர்வர்களின் பாரம் தானாகக் குறைவதில்லை; புதுப் பிரதிகள் பெரும்பாலும் புதிய சர்வர்களில் போய்க் குவிகின்றன. பந்தியின் அந்த வரிசைக்குப் பரிமாறுகிறவர் வரும் வழி அடைபட்டிருந்தால் அங்கே உட்கார்ந்த அத்தனை பேரும் பட்டினி. எங்கள் புதிய பத்துப் பிரதிகளும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தன.

அவள் அந்தக் கண்டெய்னர்கள் எழுதிவைக்கும் பதிவேடுகளைத் திறந்து பார்க்க முயன்றாள், அதுவும் முடியவில்லை. கிளஸ்டரை நடத்த எங்களிடம் இருந்த ஓப்பன்ஷிஃப்ட் என்ற மென்பொருளின் நான்காம் பதிப்பில், நாமாகக் கொண்டுவந்து சேர்க்கும் ஒவ்வொரு சர்வருக்கும், அதன் அடையாளத்தை உறுதிசெய்யும் சான்றிதழ் கேட்டு இரண்டு விண்ணப்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். முதலாவதை ஒப்புக்கொண்ட பிறகுதான் இரண்டாவது தலைகாட்டும். முதலாவது முடிந்ததுமே 'ரெடி' வந்துவிடும். இரண்டாவது நிலுவையில் கிடந்தால் கண்டெய்னர்கள் ஓடும், ஆனால் அவற்றின் பதிவுகளைப் படிக்க முடியாது, உள்ளே நுழைந்து பார்க்கவும் முடியாது. ஆறு இரண்டாம் விண்ணப்பங்களும் நிலுவையில் இருந்தன.

பின்னர் எழுதிய அறிக்கை இதைத்தான் பிடித்துக்கொண்டது. 'சான்றிதழ்களை ஒப்புக்கொள்ளத் தவறிய மனிதத் தவறு' என்று ஒரே வரி, பக்கத்தில் அவள் பெயர். வாடிக்கையாளர்களை நிறுத்தியது 4789. அந்த எண் அறிக்கையில் எங்கும் இல்லை. ஃபயர்வால் குழுவிடம் கேட்கலாமா என்று அவள் கேட்டதும் இல்லை. நான் அப்போது உரக்கப் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. இந்த மடலை எழுத அதுவும் ஒரு காரணம்.

மேலாளர்களே, புதிய சர்வரை முதலில் கதவடைத்த நிலையில் சேர்க்கச் சொல்லுங்கள். கார்டன் என்ற ஒரே கட்டளை போதும். புதுப் பிரதிகள் எதுவும் அங்கே போகாது. இன்னும் நல்லது, சேரும்போதே 'இங்கே வராதே' என்ற தடைக்குறியோடு சேர்ப்பது. பிறகு ஒரு சோதனைக் கண்டெய்னரை மட்டும் அங்கே வலிய ஏற்றி, பழைய சர்வர்களிலிருந்து அதற்கும், அதிலிருந்து பழையவற்றுக்கும், இரு திசையிலும் பேசிப் பார்க்க வேண்டும். ஒரு திசையில் மட்டும் பார்த்துவிட்டு ஏமாந்த ஆட்களை எனக்குத் தெரியும். பதிவைப் படிக்க முடிகிறதா, கடிகாரம் மற்றவற்றோடு ஒத்துப்போகிறதா என்றும் பார்க்க வேண்டும். கடிகாரம் பின்தங்கிய சர்வருக்குச் சான்றிதழ் 'இன்னும் செல்லுபடியாகாத' ஒன்றாகத் தெரியும். புதிய சர்வரில், கண்டெய்னரை உருவாக்கும் மூலக் கோப்பான இமேஜ் எதுவும் இருக்காது, எல்லாவற்றையும் புதிதாக இழுக்கும். இமேஜ்களின் பொதுக் கிடங்கான டாக்கர் ஹப் 2020 நவம்பரில், உள்நுழையாமல் இழுப்பவர்களுக்கு ஆறு மணி நேரத்துக்கு 100 என்று வரம்பு கொண்டுவந்தபோது, ஒரே ஐபி முகவரியின் பின்னால் நூற்றுக்கணக்கானோர் இருந்த அலுவலகங்கள் திண்டாடின. இத்தனையும் தேறிய பிறகு ஒரே ஒரு சர்வரைத் திறந்து, ஒரு முழு நாள் உண்மையான சுமையில் ஓடவிட்டுப் பார்த்து, அதன்பின் மற்றவற்றைத் திறக்கலாம்.

ஓப்பன்ஷிஃப்ட் மூன்றாம் பதிப்பில் வேறு மாதிரி இருந்தது. சேர்ப்பை நடத்தும் அன்சிபிள் என்ற கருவியின் பட்டியலில், புதிய நோடுகளுக்கென்று (சர்வர்களுக்கென்று) தனிப் பிரிவு எழுத வேண்டும். சேர்ப்பு ஓடி முடிந்ததும் அந்தப் பெயர்களை ஓர் ஆள் கையால் எடுத்துப் பழைய நோடுகளின் பிரிவில் வைக்க வேண்டும். பலருக்கு அது தொல்லையாகப்பட்டது. எனக்குப் பிடித்திருந்தது. யாரோ ஒருவர் நின்று, பார்த்து, 'இது இனி நம்முடையது' என்று சொன்ன தருணம் அது. நான் உங்களிடம் கேட்பது அந்தத் தருணத்தைத்தான்.

தலைமைச் சர்வர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'மூன்று இருக்கிறதே, நான்காக்கினால் இன்னும் பலம்தானே' என்று கேட்கும் மேலாளர்களை நான் பார்த்திருக்கிறேன். அங்கே கிளஸ்டரின் நிலையைச் சேமித்துவைக்கும் எட்சிடி என்ற தரவுத்தளம் பெரும்பான்மைக் கணக்கில் ஓடுகிறது. மூன்றில் ஒன்று விழுந்தால் தாங்கும். நான்கிலும் ஒன்று விழுந்தால்தான் தாங்கும், ஏனென்றால் பெரும்பான்மைக்கு மூன்று வேண்டும். இரண்டு விழுந்தாலும் தாங்க வேண்டுமானால் ஐந்து.

நம் ஊரின் பருவத்தையும் எண்ணிப் பாருங்கள். விற்பனை உச்சத்துக்குப் போகும் ஐப்பசியில்தான் வடகிழக்குப் பருவமழையும் வருகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணைத் தெருக்களில் படகு போனதையும் நாம் மறந்திருக்க முடியாது. அப்படிப்பட்ட நாளில் ஃபயர்வால் குழுவின் ஆள் வேளச்சேரி வீட்டு மாடியில் மின்சாரமில்லாமல் இருப்பார். ஆகவே தீபாவளிக்கு வேண்டிய சர்வர்களை ஆவணியிலேயே சேருங்கள். ஆயுத பூஜையன்று சர்வர் அறைக் கதவுக்குச் சந்தனம் குங்குமம் வைக்கும்போது, உள்ளே எல்லாம் சோதித்து முடித்தவையாக இருக்கட்டும்.

சர்வரைச் சேர்க்க அனுமதிக்கும் டோக்கன் காலாவதியாகிவிட்டது, போர்ட் திறக்கவில்லை, பதிவு படிக்க முடியவில்லை என்று நள்ளிரவில் உங்களுக்கு அழைப்பு வந்தால், 'எப்படியாவது முடித்துவிடு' என்று சொல்லாதீர்கள். 'சரி, மூடியே வை, காலையில் பார்க்கலாம்' என்று சொல்லுங்கள். பழைய பன்னிரண்டும் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

அந்த அறிக்கையில் கையெழுத்திட்டவரும் இதைப் படிக்கக்கூடும். ஐயா, அந்தக் கோப்பு இன்னும் இருக்கும். 'மனிதத் தவறு' என்ற வரியை எடுத்துவிட்டு, அங்கே 4789 என்று எழுதுங்கள். ஃபயர்வால் குழுவிடம் கேட்கலாமா என்று அவள் இரவு எட்டரை மணிக்குக் கேட்டதையும் சேர்த்து எழுதுங்கள். அவள் இப்போது வேறு ஊரில், வேறு வேலையில் இருக்கிறாள். எழுதி முடித்த பிறகு ஒரு பிரதியை அவளுக்கு அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
பள்ளிக்கரணையிலிருந்து ஒரு சிஸ்டம் பொறியாளர்