திருகோணமலை சவுண்ட்ஸ்காரருக்கு ஒரு திறந்த மடல்: அந்த 43 நிமிடங்களை வெட்டாமல் போடுங்கள்

மதிப்புக்குரிய ஒலி அமைப்பாளர்களே,

கோயில் திருவிழா, கலியாண வீடு, பாடசாலை விளையாட்டுப் போட்டி என்று இந்த ஊர் கேட்பதெல்லாம் உங்கள் பொக்ஸ்களின் வழியாகத்தான். அந்தத் தொழிலை உங்களுக்குச் சொல்லித்தர நாங்கள் வரவில்லை. பிங்க் ஃப்ளொய்ட் என்ற ஆங்கில ரொக் இசைக்குழுவின் ‘த டார்க் சைட் ஒஃப் த மூன்’ என்ற 43 நிமிட அல்பத்தை ஒரு மாலை டச்சுக் குடாக் கரையில் முழுதாகக் கேட்க வேண்டும் என்பது எங்கள் ஆசை. அதற்கு, மற்ற விழாக்களில் சரியாக இருக்கும் சில பழக்கங்களை அன்றைக்கு விட வேண்டிவரும்.

1973 மார்ச்சில் வெளிவந்த தட்டு. இலண்டன் அபே றோட் ஸ்டூடியோவில் பதிவாவதற்கு முன்பே, 1972 தொடக்கத்திலிருந்து மேடைகளில் ஒரே தொடராக வாசிக்கப்பட்டு வந்தது. அதனால் ஒரு பாட்டு முடிகிற இடத்தில் அடுத்தது ஏற்கனவே தொடங்கியிருக்கும். அமெரிக்க பில்போர்ட் பட்டியலில் 1988 வரை மொத்தம் 741 வாரங்கள் இருந்தது என்பதைப் பெருமையாகச் சொல்வார்கள். எங்களுக்கு அது பெரிய விஷயமில்லை. இருபது வயதில் ‘மணி’ (Money, பணம்) பாட்டின் கிற்றாருக்காகக் கேட்டவர், நாற்பதில் ‘டைம்’ (காலம்) பாட்டு வந்ததும் பேச்சை நிறுத்திவிடுகிறார். அதுதான் விஷயம். ‘அஸ் அண்ட் தெம்’ போரைப் பற்றியது: முன்வரிசையில் சாகிறவர் ஒருவர், வரைபடத்தில் கோட்டை நகர்த்துகிறவர் இன்னொருவர். வரிகளை எழுதிய ரோஜர் வாட்டர்ஸின் தந்தை 1944இல் இத்தாலியின் அன்சியோவில் போரில் இறந்தவர். திருகோணமலையில் அந்தப் பாட்டுக்கு யாரும் விளக்கவுரை கேட்கப்போவதில்லை.

இனி வேலைக்கு வருவோம்.

முதலில் வயர். போனிலிருந்தோ லப்டொப்பிலிருந்தோ வரும் ஸ்டீரியோ வயரை ஒரே ஜக்காக மிக்ஸரின் மைக் உள்ளீட்டில் குத்துவதுதான் இங்கே அதிகம் நடக்கிற பிழை. இரண்டு கறுப்பு வளையங்கள் உள்ள ஸ்டீரியோ ஜக்காக இருந்தால், அந்த உள்ளீடு இடப்பக்க ஒலியிலிருந்து வலப்பக்க ஒலியைக் கழித்துவிடும். இரண்டிலும் சமமாக உள்ள குரலும் பேஸ் கிற்றாரும் அழிந்து, எதிரொலி மட்டும் மிஞ்சும். பாடகரைக் கிணற்றுக்குள் இறக்கிவிட்டது போல இருக்கும். பொக்ஸில் பழுது என்று நினைத்து பேஸைக் கூட்டுவீர்கள், அது மேலும் கெடும். இரண்டு மோனோ ஜக்காகப் பிரியும் வயரை இரண்டு சனலில் போட்டு, ஒன்றின் பான் குமிழை (ஒலியை இடம், வலம் நகர்த்துவது) முழுக்க இடப்பக்கமும் மற்றதை முழுக்க வலப்பக்கமும் திருப்புங்கள். ‘மணி’யின் தொடக்கத்தில் சில்லறைக் காசும் கல்லாப்பெட்டியும் பக்கம் மாறி மாறிக் கேட்க வேண்டும். கேட்கவில்லையென்றால் எங்கேயோ மோனோவாகிவிட்டது.

லப்டொப்பை சார்ஜரோடு இணைத்ததும் ஊம் என்று இரைந்தால், பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றாதீர்கள். ஜெனரேற்றரும் ஈர மணலும் இருக்கிற இடத்தில் அது உயிராபத்து. லப்டொப்புக்கும் மிக்ஸருக்கும் நடுவில் போடும் டி.ஐ. பெட்டியில், ஒலி வயரின் எர்த் தொடர்பை மட்டும் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் பொத்தானை அழுத்தினால் பெரும்பாலும் போதும்.

யூரியூப்பிலிருந்து தனித்தனியாக இறக்கிய எம்பி3 கோப்புகள் வேண்டாம். ஒவ்வொன்றின் தலையிலும் வாலிலும் ஒரு துளி வெற்றொலி ஒட்டிக்கொள்ளும். ‘பிறீத்’ முடிந்து ‘ஒன் த றன்’ தொடங்கும் இடத்தில் அது வெட்டாகக் கேட்கும். இறுவட்டுத்தான் நல்லது. போன்தான் வழி என்றால் ஷஃபிளையும் (வரிசை மாற்றிப் போடுவது) கிராஸ்ஃபேடையும் (ஒரு பாட்டை அடுத்ததோடு கலப்பது) நிறுத்தி, விமானப் பயன்முறையில் வையுங்கள். வட்ஸ்அப் மணி அல்பத்தில் இல்லை.

ஒலி அளவு பற்றி ஒரு வேண்டுகோள். அல்பம் மிக மெல்லிய இதயத்துடிப்போடு தொடங்குகிறது. ஒன்றுமே கேட்கவில்லையே என்று கை தானாக கெயினைக் (உள்ளீட்டு அளவை) கூட்டும். ஒரு நிமிடம் கழித்து அலறலோடு இசை விழும்போது பொக்ஸின் ஹோனில் ஒலி கிழிந்துவிடும். ஆகவே தொடக்கத்தை வைத்து அளவு பார்க்காதீர்கள். ‘டைம்’ தொடக்கத்தில் எல்லாக் கடிகாரங்களும் ஒன்றாக அடிக்கும் இடத்தைப் போட்டு, அளவு மீறினால் எரியும் கிளிப் சிவப்பு லைற் எரியாதபடி அளவை வையுங்கள். பிறகு முதலிலிருந்து தொடங்கி, முடியும்வரை அந்தக் குமிழைத் தொடவே வேண்டாம். (அந்தக் கடிகாரங்களை ஒலிப்பொறியாளர் அலன் பார்சன்ஸ் ஒரு பழைய கடிகாரக் கடையில் ஒவ்வொன்றாகப் பதிவுசெய்தவர். அவை தனித்தனியாகக் கேட்பதே எங்கள் பரீட்சை.)

மிக்ஸரின் எக்கோவை அணைத்துவிடுங்கள். ‘அஸ் அண்ட் தெம்’ குரலில் எதிரொலி ஏற்கனவே உண்டு. உங்களுடையதும் சேர்ந்தால் ஒரு சொல்லும் புரியாது. கோயில் குழாய் ஸ்பீக்கர் இதற்கு ஆகாது, இதயத்துடிப்பின் தாழ்ந்த ஒலி அதில் வரவே வராது. இரண்டு பொக்ஸும் தாழ்ந்த ஒலிக்கென்று ஒரு சப் பொக்ஸும் போதும். பொக்ஸ்களை 8 மீற்றர் இடைவெளியில் வையுங்கள். கேட்பவர்கள் அதே அளவு தள்ளி நடுவில் இருப்பார்கள். பின்னால் இன்னொரு சோடி வைக்கும் எண்ணம் நல்லதல்ல. 30 மீற்றர் தள்ளி வைத்தால் முன் பொக்ஸின் ஒலி அங்கே வந்துசேர ஏறக்குறைய 87 மில்லிசெக்கன் ஆகும். பின் பொக்ஸை அந்த அளவு தாமதிக்க டிலே போடாவிட்டால் ஒவ்வொரு அடியும் இரண்டாகக் கேட்கும்.

கச்சான் (நிலத்திலிருந்து கடலுக்கு வீசும் தென்மேற்குக் காற்று) அடிக்கிற மாதங்களில் பொக்ஸை நிலப்பக்கம் வைத்துக் கடலைப் பார்க்கத் திருப்புங்கள். காற்றோடு போகிற ஒலி கீழ்நோக்கி வளைந்து கேட்பவரிடம் வரும், எதிர்த்துப் போவது மேலே எழும்பிவிடும். ஊருக்குள்ளும் சத்தம் குறையும்.

பாட்டுக்குப் பாட்டு அறிவிப்பு வேண்டாம், அனுசரணையாளர் பெயரும் வேண்டாம். ‘த கிரேட் கிக் இன் த ஸ்கை’ முடிந்ததும் பழைய இசைத்தட்டில் பக்கம் திருப்ப வேண்டியிருந்தது. அந்த இடைவெளி வேண்டுமா என்று எங்களுக்குள்ளேயே சண்டை உண்டு. இறுவட்டு போகிறபடி போகட்டும். கடைசியில் ‘எக்லிப்ஸ்’ அடங்கிய பிறகும் இதயத்துடிப்பு தொடரும். முடிந்துவிட்டது என்று பைலாவைப் போட்டுவிடாதீர்கள்.

இரவு 10 மணிக்குப் பிறகு ஒலிபெருக்கிக்குப் பொதுவாக அனுமதி இல்லை. பள்ளிவாசல் தொழுகையும் கோயில் பூசையும் முடிந்து 8 மணிக்குப் பிறகு தொடங்கினாலும் 9 மணியளவில் வயர் சுற்றிவிடலாம். பொலிஸ் அனுமதி எங்கள் பொறுப்பு, இறுவட்டும் வயரும் எங்களுடையவை. வாடகையை வழமையான அரைநாள் கணக்கிலேயே தருவோம், 43 நிமிடம்தானே என்று குறைத்துக் கேட்க மாட்டோம். டி.ஐ. பெட்டி இருக்கிறதா, எந்த நாள் பொக்ஸ் சும்மா இருக்கும் என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
திருகோணமலையிலிருந்து இந்த அல்பத்தின் இரசிகர்கள் சிலர்