வெஸ்டோவருக்குப் போகும் முன்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. லீவுக்குப் பிள்ளைகளை அமெரிக்காவின் வர்ஜீனியாவில், ஜேம்ஸ் ஆற்றங்கரையில் இருக்கும் வெஸ்டோவர் தோட்டத்துக்குக் கூட்டிப் போகிறேன் என்றாயே, போய் வாருங்கள். ஆனால் மாளிகையையும் ஆற்றையும் மட்டும் காட்டிவிட்டுத் திரும்பிவிடாதே.

அந்தத் தோட்டத்தின் முதலாளியாக அங்கே வாழ்ந்த இரண்டாம் வில்லியம் பேர்ட் சுருக்கெழுத்தில் நாட்குறிப்பு எழுதியவர். 1709 முதல் 1712 வரையிலான பகுதியைப் படித்திருக்கிறேன். விடியற்காலையில் எழுந்து எபிரேயமும் கிரேக்கமும் கொஞ்சம் படிப்பார், ஜெபம் செய்வார், பால் குடிப்பார். இரவில், உடம்பும் மனசும் நன்றாக இருந்ததற்குக் கடவுளுக்கு நன்றி. ஜெபம் செய்யாமல் படுத்த நாட்களையும் மறைக்காமல் குறித்திருக்கிறார்.

1710 ஜூனில் அவருடைய கைக்குழந்தை பார்க் இறந்துபோனது. ஆண்டவர் கொடுத்தார், ஆண்டவரே எடுத்துக்கொண்டார் என்று அவர் மனதைத் தேற்றிக்கொண்டார். மனைவி லூசியால் முடியவில்லை. பெற்ற வயிறு அல்லவா! படிக்கும்போது எனக்கும் தொண்டை அடைத்தது.

அடுத்த மாதமே அதே லூசி, ஜென்னி என்ற அடிமைச் சிறுமிக்குப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடு போட வைத்தாள். என் விருப்பத்துக்கு மாறாக நடந்தது, அதற்காக மனைவியோடு சண்டை போட்டேன் என்று பேர்ட் எழுதுகிறார். அவரும் ஜென்னியைச் சவுக்கால் அடிக்க வைத்தவர்தான். அவளையும் ஒருத்தி பெற்றிருப்பாள். அந்தத் தாய் என்ன பாடுபட்டாள் என்று அங்கே ஒரு வரிகூட இல்லை.

அந்தக் காலம் அப்படி என்று நீ சொல்வாய். என்னால் அதை ஏற்க முடியவில்லை. ஞானஸ்நானம் பெற்றுக் கிறிஸ்தவர் ஆனாலும் அடிமை அடிமைதான் என்று 1667-லேயே வர்ஜீனியாவில் சட்டம் போட்டார்கள். மனசாட்சி உறுத்தாமலா அப்படி ஒரு சட்டம் தேவைப்பட்டது?

வேறு மாதிரி நடந்தவரும் உண்டு. அதே வர்ஜீனியாவில் நோமினி ஹால் என்ற தோட்டத்தின் ராபர்ட் கார்ட்டர். அவரும் பெரிய தோட்ட முதலாளிதான். பாப்டிஸ்ட் என்ற கிறிஸ்தவப் பிரிவில் சேர்ந்து, அடிமைகளும் சேர்ந்திருந்த சபையில் வழிபட்டார். 1791-ல் 450-க்கும் மேற்பட்டவர்களைப் படிப்படியாக விடுதலை செய்யப் பத்திரம் எழுதினார். அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் கொதித்தார்கள். ஆனாலும் அவர் பின்வாங்கவில்லை.

பெரியவள் நிறையக் கேள்வி கேட்பாள். மழுப்பாதே. சூடு போட்டதைச் சொல்வதா வேண்டாமா என்பது உன் இஷ்டம். ஜென்னி என்று ஒரு சிறுமி அங்கே இருந்தாள் என்பதை மட்டும் சொல்லாமல் விடாதே. வண்டியை நிதானமாக ஓட்டு.

அன்புடன்,
அம்மா