டிக்கெட் கவுண்டர் திறக்கும்வரை உட்கார இடம் கொடுத்தவருக்கு

பட்டுக்கோட்டைச் சாலையில் டீக்கடை வைத்திருக்கும் அம்மாவுக்கும், ஒரத்தநாட்டிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் அந்த இரவு உறங்காமல் எங்களோடு இருந்த அனைவருக்கும் வணக்கம்.

மறதி நோயுள்ள அப்பா, ஓர் இரவு முழுவதும் காணாமல் போயிருந்து, வீடு திரும்பி இன்றோடு நான்கு நாட்கள் ஆகின்றன. நான் இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அவர் திண்ணையில் அமர்ந்து முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருக்கிறார். இரண்டு வரி எழுதுவதும், எழுந்து சென்று அவர் அங்கேதான் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டு வருவதுமாக இருக்கிறேன். நடந்ததை நான் மறுபடி விவரிக்க வேண்டியதில்லை. உங்களில் பலர் அவரைத் தேடி அலைந்தவர்கள்; மற்றவர்களுக்கு அவருடைய படம் எப்படியும் வந்து சேர்ந்திருக்கும்.

புகாரைப் பெற்றுக்கொண்டு அந்த நிமிடமே வண்டியை எடுத்த காவலர்கள், ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கி விசாரித்த பேருந்து நடத்துநர்கள், அப்பாவிடம் படித்து இன்று பேரப்பிள்ளைகள் எடுத்துவிட்ட பழைய மாணவர்கள், எங்கள் வீட்டு அடுப்பு எரியவில்லை என்பதைக் கேட்காமலே உணர்ந்து சோறு கொண்டுவந்த தெருக்காரர்கள், இரவெல்லாம் கைவிளக்கோடு புதாற்றின், அதாவது கல்லணைக் கால்வாயின், கரையில் நடந்த தம்பிகள் என எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. புதாற்றில் அப்போது தண்ணீர் வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணையைத் தொட்டு, அங்கிருந்து எங்கள் பக்கம் திரும்பும் நாளுக்காக ஆண்டெல்லாம் காத்திருக்கும் ஊர் எங்களுடையது. அந்த ஓர் இரவு மட்டும் கரை தொட்டு ஓடிய அந்தத் தண்ணீரின் சத்தத்தைக் கேட்கவே என்னால் முடியவில்லை. கரையில் நடந்த தம்பிகள் ஒருவரும் என் முகத்தை நேராகப் பார்க்கவில்லை; அவர்கள் எதைத் தேடினார்கள் என்பது எனக்கும் தெரியும். அந்த உதவியை வாயால் சொல்லித் தீர்க்க முடியாது.

ஆனால் இந்த மடலை நான் எழுத உட்கார்ந்தது டீக்கடை அம்மாவுக்காக. தம் பெயரைப் போடக் கூடாது என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் பெயரில்லாமலே எழுதுகிறேன்.

அந்தக் கடை எங்கே இருக்கிறது என்று எங்கள் வயதுக்காரர்களுக்குச் சொன்னால் உடனே புரியும். சாலையை ஒட்டிய தென்னந்தோப்பு ஒன்றில் முன்பு கேளிக்கைப் பூங்கா இருந்ததே, அதன் வாசலுக்கு எதிரே. இன்று அங்கே வாசல் வளைவும், அதன் இருபுறமும் சாயம் உதிர்ந்த இரண்டு சிமெண்ட் யானைகளும்தான் மிச்சம். உள்ளே கருவேலம் மண்டிக் கிடக்கிறது, நடுவில் மனை பிரித்துக் கல் நட்டிருக்கிறார்கள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த கஜா புயல், நம் தென்னைகளைச் சாய்த்த அதே வேகத்தில் அந்தப் பூங்காவையும் சாய்த்துவிட்டது. குட்டி ரயிலின் தண்டவாளத்தின் மேல் மரங்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்ததை நானே பார்த்தேன். சீர் செய்து திறப்பார்கள் என்று ஓராண்டு பேசிக்கொண்டார்கள். அடுத்து 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது, அதன் பிறகு அந்தப் பேச்சும் நின்றுபோனது.

எங்களுக்கு அது பெரிய உலகம். முழு ஆண்டுத் தேர்வு முடியும் நாளன்று, வீட்டுக்குக்கூட வராமல், பள்ளிக்கூட வாசலிலிருந்தே அப்பா எங்களை அழைத்துச் செல்வார். அம்மா கட்டுச்சோற்றுடன் பேருந்து நிறுத்தத்தில் நிற்பார். டோரா டோரா, டாஷிங் கார், கொலம்பஸ் கப்பல், கண்ணாடி மாளிகை, முகத்தைவிடப் பெரிதான டெல்லி அப்பளம், அதில் தூவிய மிளகாய்ப்பொடி விரல்களில் ஒட்டிக்கொண்டு மறுநாள்வரை போகாத சிவப்பு. கையில் பணம் குறைவாக இருக்கும் ஆண்டுகளில் தஞ்சாவூர் பெரிய கோவிலை ஒட்டிய சிவகங்கைப் பூங்காவோடு நிறுத்திக்கொள்வோம்; அதுவும் நூறாண்டுகளுக்கும் மேலாகத் தஞ்சைப் பிள்ளைகள் விளையாடிய இடம்தான் என்று அப்பா ஆறுதல் சொல்வார். ஆனால் அங்கே இராட்டினம் கிடையாது என்று தம்பி அழுவான்.

அப்பா வரலாற்று ஆசிரியர். இராட்டின வரிசையில் நிற்கும் நேரத்தைக்கூட அவர் வீணாக்கியதில்லை. இராட்சத இராட்டினம் முதன்முதலில் எழுந்தது 1893-இல், சிகாகோ உலகப் பொருட்காட்சியில். விவேகானந்தர் பேசிய சர்வ சமய மாநாடும் அதே பொருட்காட்சியை ஒட்டித்தான் நடந்தது என்பார். அந்த இராட்டினத்தின் உயரம் 264 அடி, அதில் 36 பெட்டிகள், நம் பெரிய கோவில் விமானம் 216 அடி, அப்படியானால் எவ்வளவு வித்தியாசம் என்று கேட்பார். நாற்பத்தெட்டு என்று முந்திச் சொல்பவருக்குச் சன்னல் பக்க இருக்கை. பிறகு குரலைச் சற்றுத் தாழ்த்தி, அத்தனை உயர இராட்டினம் பதின்மூன்று ஆண்டுகள்கூட நிலைக்கவில்லை, 1906-இல் வெடி வைத்துத் தகர்த்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள், இராசராசன் எழுப்பிய விமானம் ஆயிரம் ஆண்டை நெருங்கிக்கொண்டிருக்கிறது என்று முடிப்பார். எங்கள் பூங்கா இராட்டினம் தென்னை உயரத்தைத் தாண்டாது. அது உச்சியில் நிற்கும்போது, பன்னிரண்டு பெட்டிகளிலும் ஆள் ஏறி இறங்கும் அந்தச் சில நிமிடங்களில், ஒரு பக்கம் புதாறு வெள்ளிக் கம்பி போல் தெரியும். மறுபக்கம் வடக்கே கை நீட்டி, "அதோ விமானம் தெரியுது பார், தெரியுதா?" என்பார் அப்பா. எனக்கு ஒரு நாளும் தெரிந்ததில்லை. தென்னை ஓலைகளும் அவற்றுக்கு மேல் வானமும்தான் தெரியும். ஆனாலும் ஒவ்வோர் ஆண்டும், "தெரியுதுப்பா" என்றேன். அவர் முகம் மலர்வதைப் பார்ப்பதற்காகவே அப்படிச் சொன்னேன் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அன்று பகல் நடந்ததையும் இங்கே சொல்லிவிட வேண்டும். தேய்த்த வெள்ளைச் சட்டை அணிந்து, தலை வாரி, அப்பா என்னிடம் வந்து, "பரீட்சைதான் முடிஞ்சிருச்சே, இன்னும் கிளம்பலையா?" என்று கேட்டார். பூங்காவை மூடி எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன என்று சொன்னேன். காலையில் ஒரு முறை, சாப்பிடும்போது ஒரு முறை, இது மூன்றாம் முறை என்பதால் என் குரல் உயர்ந்துவிட்டது. "அம்மாவே போய் மூணு வருஷமாச்சு, எந்தப் பூங்காவுக்குப் போகப் போறீங்க?" என்றேன். அவர் பதில் பேசவில்லை. மறதி நோயில் அண்மைய நினைவுகள்தாம் முதலில் கரையும், பழையவை நெடுநாள் தங்கும், பொழுது சாயும் நேரத்தில் தவிப்பு கூடும் என்றெல்லாம் மருத்துவர் விளக்கியிருந்தார். அத்தனையும் தெரிந்திருந்தும் அப்படிப் பேசினேன்.

நான் மூடிவிட்டார்கள் என்று சொன்ன அதே வாசலுக்குத்தான் அப்பா நடந்து போயிருக்கிறார். பொழுது இறங்கும் நேரத்தில் யானைகளின் அருகே நின்றுவிட்டு, சாலையைக் கடந்து வந்து, கவுண்டர் எப்போது திறப்பார்கள் என்று டீக்கடையில் கேட்டிருக்கிறார். அந்த அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இன்னும் நேரமிருக்குய்யா, இப்படி நிழல்ல உட்காருங்க, திறந்ததும் நானே சொல்றேன்" என்று பெஞ்சைத் துடைத்துப் போட்டிருக்கிறார். டீ கொடுத்திருக்கிறார். பெயரும் ஊரும் கேட்டதற்கு அப்பா தம் பள்ளிக்கூடத்தின் பெயரை மட்டும் சொல்லியிருக்கிறார். அம்மாவிடம் கைப்பேசி இல்லை. அவருடைய மகன் தேங்காய் லோடு ஏற்றிக்கொண்டு காங்கேயம் போயிருந்தார். மகன் வரும்வரை இவரை எழுந்து போக விடக் கூடாது என்பது ஒன்றுதான் தமக்குத் தோன்றியது என்று பிறகு என்னிடம் சொன்னார்.

இருட்டியதும் அப்பா எழுந்துவிட்டார். பிள்ளைகளுக்கு டிக்கெட் கிடைக்காமல் போய்விடும், கூட்டம் வந்துவிடும் என்று பதறியிருக்கிறார். அப்போது அந்த அம்மா செய்ததைத்தான் நான் நான்கு நாட்களாக நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். கடன் கணக்கு எழுதுவதற்காகக் கம்பியில் குத்தி வைத்திருந்த தினசரிக் காலண்டர் தாள்களிலிருந்து மூன்றை உருவி, "இன்னிக்கு ஆட்டம் முடிஞ்சிருச்சுய்யா, காலையில முதல் டிக்கெட் உங்களுக்குத்தான், எத்தனை பேரு?" என்று கேட்டிருக்கிறார். இரண்டு முழு டிக்கெட், இரண்டு அரை டிக்கெட் என்றாராம் அப்பா. இரண்டு தாள்களை முழுதாகக் கொடுத்து, மூன்றாவதை நடுவில் மடித்து இரண்டாகக் கிழித்துக் கொடுத்திருக்கிறார். கம்பி குத்திய ஓட்டையைத் தொட்டுப் பார்த்த அப்பா, இதில் ஏற்கெனவே ஓட்டை போட்டிருக்கிறதே என்று சந்தேகப்பட, "உங்களை வரிசையில நிக்க விடக் கூடாதுன்னு முன்னாடியே போட்டு வச்சிட்டேன்" என்றாராம். அதன் பிறகு அப்பா இரண்டு இட்லி சாப்பிட்டு, கடைக்குப் பின்னால் போட்ட கயிற்றுக் கட்டிலில் விடியும்வரை தூங்கியிருக்கிறார். அந்த அம்மா தூங்கவில்லை; கட்டிலின் பக்கத்தில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார். விடியற்காலையில் வந்த மகனின் கைப்பேசியில் அப்பாவின் படம் இருந்தது.

அந்தத் தாள்கள் இப்போது என் முன்னால் இருக்கின்றன. அப்பா குளிக்கப் போகும் நேரத்தில் மட்டும் சட்டைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு, வருவதற்குள் திரும்ப வைத்துவிடுவேன். ஒன்றில் ஆனி மாதத் தேதி, கீழே இராகு காலமும் எமகண்டமும், ஓரத்தில் எண்ணெய்க் கறை. அதன் பின்புறம் "3 டீ, 1 வடை" என்று பென்சிலில் எழுதி, பணம் வந்ததும் குறுக்கே அடித்த கோடு. அரைத் தாள்கள் இரண்டையும் சேர்த்து வைத்தால் கிழிந்த ஓரம் பொருந்துகிறது.

வாழ்நாள் முழுவதும் பொய் சொல்லாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அப்பா. இல்லாத கவுண்டரை இருக்கிறது என்று சொன்னது பொய்தானே என்று என் மனத்துக்குள் ஒரு கேள்வி எழுந்தது. எழுந்த வேகத்திலேயே, இராட்டினத்தின் உச்சியில் நான் சொன்ன "தெரியுதுப்பா" நினைவுக்கு வந்தது. ஒன்பது வயதில் யாரும் சொல்லித் தராமலே எனக்குத் தெரிந்திருந்த ஒன்று, முப்பது ஆண்டுகளில் என் கையைவிட்டுப் போயிருக்கிறது. அதை எனக்குத் திருப்பிக் கொடுத்தவர், அதற்கு முன் எங்களை ஒருபோதும் பார்த்திராத ஒருவர்.

இனி அப்பாவிடம் எதையும் மூடிவிட்டார்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. அவருடைய சட்டைகள் எல்லாவற்றிலும் உட்புறம் எங்கள் தொலைபேசி எண்ணைத் தைத்துவிட்டேன். வாசற்கதவுக்கு மணி கட்டியாகிவிட்டது. அவர் கிளம்பலாமா என்று கேட்டால் கிளம்புவது என்று முடிவு செய்திருக்கிறேன். மறதி நோய் உள்ள பெற்றோரை வைத்திருப்பவர்கள் இந்த மூன்று நாட்களில் பலர் என்னைத் தேடி வந்து பேசினார்கள். அவர்களுக்கும் நான் சொன்னது இதைத்தான்.

அம்மா, உங்களிடம் நன்றி சொல்ல அன்று காலை எனக்கு வாய் வரவில்லை; உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டு வந்துவிட்டேன். டீக்கும் இட்லிக்கும் காசு கொடுத்தபோது, "டிக்கெட் காசு மட்டும் அய்யா வந்து தரட்டும்" என்று சொல்லி வாங்க மறுத்துவிட்டீர்கள். அவர் அதை மறக்கவில்லை. நேற்றுக்கூட, முதல் ஆட்டத்துக்குப் போக வேண்டும், டிக்கெட் எடுத்து வைத்திருக்கிறேன் என்றார். சிங்கப்பூரிலிருந்து தம்பி வெள்ளிக்கிழமை வருகிறான். ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில் ஏறுவதற்கு முன் மூவரும் வருகிறோம். எங்கள் அம்மாவின் டிக்கெட்டும் அப்பாவின் பையில் இருக்கும். உங்கள் பெஞ்சில் எங்களுக்கு இடம் போட்டு வையுங்கள். தம்பியும் நானும் அரை டிக்கெட்தான்.