செயலாளர் ஆண்டறிக்கை: காவலர்களுக்குப் பொன்னாடை வேண்டாம், சரியான புகார் கொடுப்போம்

நம் பயணிகள் சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான அலுவல்களை முதலில் சொல்லிவிடுகிறேன். செயற்குழு தவறாமல் கூடியது. சீசன் டிக்கெட்டில் காட்பாடியிலிருந்து அரக்கோணம், சென்னை போய்வருவோரின் மனுக்கள் உரிய இடங்களுக்கு அனுப்பப்பட்டன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

மீதி அறிக்கை முழுவதும் பயணிகளைக் காக்கும் காவலர்களைப் பற்றியது. ஆண்டு விழாவில் அவர்களை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்துவது நம் வழக்கம். இம்முறை அதைச் செயற்குழு நிறுத்திவைத்தது. பொன்னாடை வாங்கிப் போன காவலர் ராத்திரி டூட்டியில், பொருள் திருடுபோனதாகச் சொன்னால் நம்மிடம் கேட்பது ஒன்றே: "எந்தப் பெட்டி? எந்த ஸ்டேஷன் தாண்டி?" பாதிப் பேருக்குப் பதில் தெரிவதில்லை.

காட்பாடி ஜங்ஷனில் காக்கி உடை இரண்டு வகை. இருப்புப்பாதை காவல் நிலையம் (ரயில்வே போலீஸ்) தமிழகக் காவல்துறையைச் சேர்ந்தது. திருட்டு, வழிப்பறி, பாலியல் சீண்டல் எதுவானாலும் எஃப்.ஐ.ஆர். போடுவது இவர்கள்தான். ஆர்.பி.எஃப். எனும் ரயில்வே பாதுகாப்புப் படை மத்திய அரசுடையது. 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி இயங்குவது. தண்டவாளம் கடப்போர், மகளிர் பெட்டியில் ஏறும் ஆண்கள், காரணமின்றி அபாயச் சங்கிலி (செயின்) இழுப்போர் இவர்கள் கையில். அவசரத்துக்கு யாரிடம் சொன்னாலும் சரி. வழக்கு எண் வேண்டுமானால் இருப்புப்பாதை காவல் நிலையத்துக்கே போக வேண்டும்.

நம் ஊரில் திருட்டுக்கு வாய்ப்பாக அமைவது இறங்கும் நெரிசல். வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்களிலிருந்து வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வருவோரிடம் சிகிச்சைப் பணம் இருக்கும், மொழி தெரியாது, நோயாளியைக் கைத்தாங்கலாக இறக்க வேண்டும். பணப்பை அப்போது பெரிய பெட்டியின் மேல் கேட்பாரற்றுக் கிடக்கும். அடுத்தது ஜன்னல் பறிப்பு. வண்டி கிளம்பி வேகம் பிடிக்கும் முன் உள்ள சில விநாடிகளிலும், சிக்னலுக்காக இருட்டில் நிற்கும்போதும் கம்பியோரம் தூங்குபவரின் தாலிச்செயினும் கைபேசியும் போகும். நள்ளிரவு தாண்டி ரோந்துக் காவலர் லத்தியால் தட்டி "ஷட்டரை இறக்குங்கம்மா" என்பது இதற்காகத்தான். தூக்கம் கெடுகிறது என்று அவரிடம் சண்டை போட்ட உறுப்பினர்களும் நம்மிடம் உண்டு, பெயர் சொல்லவில்லை.

பொருள் போனால் நடுவழியில் இறங்க வேண்டாம். டிக்கெட் பரிசோதகரிடமோ ரயில் மேலாளரிடமோ (முன்பு கார்டு) வண்டியில் வரும் காவலரிடமோ புகார்ப் படிவம் இருக்கும். அதை நிரப்பிக் கொடுத்தால் காவல் நிலையத்துக்குச் சேர்ப்பிப்பார்கள், பயணம் தொடரலாம். 139 அழைத்து 1ஐ அழுத்தினால் பாதுகாப்புப் பிரிவு. 1512 ரயில்வே போலீஸ். வண்டி எண், பெட்டி எண், கடைசியாகப் பொருளைப் பார்த்த நிலையம், இல்லை என்று தெரிந்த நிலையம் நான்கையும் சொல்லுங்கள். கடைசி இரண்டும் முக்கியம். லத்தேரிக்கும் குடியாத்தத்துக்கும் இடையில் என்று சொன்னால் எந்த நிலையத்து கேமராவைப் பார்ப்பது என்று அவர்களுக்குத் தெரியும். "ஜோலார்பேட்டையிலிருந்தே காணோம்" என்றால் வழியிலுள்ள எல்லா நிலையங்களின் பதிவையும் பார்க்க வேண்டும். சம்பவ இடம் எங்கள் நிலைய எல்லையில் வராது என்று யாரும் திருப்பி அனுப்ப முடியாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவு எந்த நிலையத்திலும் புகாரைப் பதிய வழி செய்கிறது.

கைபேசி என்றால் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் தேவை. *#06# அழுத்தினால் வரும். இன்றே வீட்டு நோட்டில் எழுதிவையுங்கள். அந்த எண் அச்சிட்ட கைபேசி அட்டைப்பெட்டியைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட்டு வந்தவர்களால்தான் பாதிப் புகார் அப்படியே நிற்கிறது. அதே எண்ணில் மாற்று சிம் வாங்கிய பிறகே போனை முடக்கும் இணையதளத்தில் விண்ணப்பிக்க முடியும், ஓ.டி.பி. அதற்குத்தான் வரும்.

2025 பிப்ரவரியில் கோவை–திருப்பதி இன்டர்சிட்டியில் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஜோலார்பேட்டையில் மற்ற பெண்கள் இறங்கிவிட்டதால் மகளிர் பெட்டியில் தனியாக இருந்த கர்ப்பிணி, கே.வி.குப்பம் அருகே வெளியே தள்ளப்பட்டார். பல வண்டிகளில் அந்தப் பெட்டிக்கு அடுத்த பெட்டியோடு உள்வழி கிடையாது. பெட்டி காலியானால் நிற்கும் நிலையத்திலேயே இறங்கிக் கூட்டமுள்ள பெட்டிக்கு மாறுங்கள். மாலை நேர வண்டிகளின் மகளிர் பெட்டியில் பெண் காவலர் வேண்டும் என்ற கோரிக்கையை இந்த ஆண்டும் வைப்போம்.

செயின் இழுப்பதும் யோசித்துச் செய்ய வேண்டியது. இழுத்த பெட்டிக்கு ஊழியர் நடந்துவந்து கையால் சரிசெய்தால்தான் வண்டி நகரும். திருவலத்தில் பொன்னை ஆற்றுப் பாலத்தின் மேல் நின்றுவிட்டால் காவலர் பக்கவாட்டில் ஏறிவர இடமே இல்லை.

இன்னொரு வேலையை யாரும் மேடையில் பாராட்டுவதில்லை. மேம்பாலத்தை விட்டுத் தண்டவாளத்தைக் கடந்து அடிபட்டவரின் உடலை டார்ச் வெளிச்சத்தில் பொறுக்கிச் சேர்த்து, போட்டோ எடுத்து, அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்கு அனுப்பி, உறவினரைத் தேடுவது இருப்புப்பாதைக் காவலரின் அன்றாட வேலை. அன்றிரவு அவர் சாப்பிடுவாரா என்பது வேறு.

பஸ்ஸைப் பற்றிச் சுருக்கமாக. வேலூர் பஸ் நிலையத்தில் திருவண்ணாமலை பௌர்ணமிக் கூட்டம் ஏறும்போது படியில் வேண்டுமென்றே தேங்கி நிற்பவரைக் கவனியுங்கள். பர்ஸ் போனது தெரிந்தால் கண்டக்டரிடம் சொல்லிக் கதவைத் திறக்காமல் பஸ்ஸைக் காவல் நிலையத்துக்கு விடச் சொல்லுங்கள். நேரமாகிறது என்று சத்தம் போடும் சக பயணிகளால்தான் இது பல முறை நடக்காமல் போகிறது.

தீர்மானம்: பொன்னாடைக்கு ஒதுக்கிய தொகையில், 139, 1512 எண்களும் மேற்சொன்ன நான்கு விவரங்களும் தமிழிலும் வங்காளத்திலும் இந்தியிலும் அச்சிட்ட சீசன் டிக்கெட் அளவு அட்டைகள் அடிப்பது. வங்காளப் பிழை திருத்தத் தெரிந்தவர் கூட்டம் முடிந்ததும் என்னைப் பார்க்கவும்.