பிடிஎஃப் எதில் திறக்க வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேர்க்கைக் காலம் வந்தால் பிரவுசிங் சென்டர்களில் ஒரு புகார் தவறாமல் எழும். இ-ஆதாரை டவுன்லோட் செய்து பிரிண்ட் எடுத்தால், கையொப்பக் கட்டத்தில் மஞ்சள் நிறக் கேள்விக்குறியும் 'வேலிடிட்டி அன்நோன்' என்ற வாசகமும் வருகின்றன. தாளை வாங்கிப் பார்ப்பவர் சந்தேகப்படுகிறார், கொண்டுவந்தவர் மறுபடி அலைகிறார். ஆவணத்தில் குறை எதுவும் இல்லை. அதைத் திறந்த மென்பொருள் டிஜிட்டல் கையொப்பத்தை, அதாவது ஆவணத்தை வழங்கியவர் யார் என்பதை உறுதிசெய்ய ஃபைலுக்குள் வைத்த மின்னணு முத்திரையை, சரிபார்க்கவில்லை, அவ்வளவுதான்.

விண்டோஸ் 10, 11 கணினிகளில் நாம் எதையும் மாற்றாவிட்டால் பிடிஎஃப் ஃபைல்கள் எட்ஜ் பிரவுசரில் திறக்கும். செய்தி படிக்க, பில் பார்க்க அது போதும். கையொப்பமிட்ட அரசு ஆவணங்களைக் கையாளும் கணினியில் அடோபி அக்ரோபேட் ரீடரை டிஃபால்ட்டாக, அதாவது பிடிஎஃப் தானாகத் திறக்கும் மென்பொருளாக, வைப்பதுதான் சரி. இலவசப் பதிப்பே போதும், கையொப்பம் சரிபார்க்கக் காசு கேட்காது. நிறுவும்போது கூடவே வேறு மென்பொருளையும் சேர்க்கச் சொல்லி டிக் போட்டிருந்தால், அதை மட்டும் எடுத்துவிட வேண்டும்.

மாற்றும் வழி இது. ஏதாவது ஒரு பிடிஎஃப் மீது ரைட் கிளிக் செய்து 'ஓப்பன் வித்', அதில் 'சூஸ் அனதர் ஆப்' என்று போக வேண்டும். வரும் பட்டியலில் அக்ரோபேட்டைத் தேர்ந்தெடுத்து, விண்டோஸ் 11-இல் 'ஆல்வேஸ்' பொத்தானை அழுத்த வேண்டும். 'ஜஸ்ட் ஒன்ஸ்' என்பதை அழுத்திவிட்டு, மறுமுறை பழையபடி எட்ஜே திறக்கிறது என்று குழம்புபவர்கள்தான் அதிகம். விண்டோஸ் 10-இல் பொத்தானுக்குப் பதில் கீழே ஒரு சிறு கட்டம் இருக்கும். அதில் டிக் போட்ட பிறகே ஓகே கொடுக்க வேண்டும். செட்டிங்ஸில் ஆப்ஸ், டிஃபால்ட் ஆப்ஸ் என்று போய், விண்டோஸ் 11 என்றால் தேடல் கட்டத்தில் புள்ளியோடு சேர்த்து '.பிடிஎஃப்' என்பதன் ஆங்கில எழுத்துகளைத் தட்டியும் மாற்றலாம். ஒரே கணினியில் நான்கு பேருக்கு நான்கு லாகின் இருந்தால் நான்கிலும் தனித்தனியாகச் செய்ய வேண்டும், ஏனென்றால் இந்தத் தேர்வு பயனர் கணக்கோடு சேர்ந்தது.

இவ்வளவும் செய்த பிறகும் 'பிரவுசரிலேயே திறக்கிறதே' என்பார்கள். பிரவுசருக்குள் கிளிக் செய்யும் பிடிஎஃப்புக்கு விண்டோஸின் தேர்வு பொருந்தாது. பிரவுசர் தன் சொந்த அமைப்பைத்தான் பார்க்கும். குரோமில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், அடிஷனல் கன்டென்ட் செட்டிங்ஸ் வழியாகப் போய், பிடிஎஃப் டாக்குமென்ட்ஸ் என்ற இடத்தில் 'டவுன்லோட்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஃபைல் கணினியில் இறங்கும். பிறகு டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் இரட்டைக் கிளிக் செய்தால் நாம் வைத்த மென்பொருளில் திறக்கும். எட்ஜிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் இதற்கு இணையான அமைப்பு உண்டு.

இனி கேள்விக்குறி. ரீடரில் திறந்ததுமே அது போய்விடாது. கையொப்பத்தின் மீது ரைட் கிளிக் செய்து, சிக்னேச்சர் பிராப்பர்ட்டீஸ் திறந்து, கையொப்பமிட்டவரின் சர்ட்டிஃபிகேட்டைக் காட்டச் சொல்ல வேண்டும். இடப்பக்கம் சங்கிலி போல வரும் பெயர்களில் உச்சியில் 'சிசிஏ இந்தியா' (டிஜிட்டல் கையொப்பச் சான்றுகளை மேற்பார்வையிடும் மத்திய அரசு அமைப்பு) இருக்கிறதா என்று பார்த்து, அதைத் தேர்ந்தெடுத்து, 'டிரஸ்ட்' பக்கத்தில் நம்பகப் பட்டியலில் சேர்க்க வேண்டும். பிறகு 'வேலிடேட் சிக்னேச்சர்' கொடுத்தால் பச்சை டிக் வரும், பிரிண்டிலும் அப்படியே விழும். உச்சியில் உள்ளதைச் சேர்த்துவிட்டால், அதன் கீழ் வரும் மற்றக் கையொப்பங்களுக்கு இந்த வேலையை மறுபடி செய்ய வேண்டியதில்லை. ஆனால் அரசுத் தளத்திலிருந்து நாமே இறக்கிய ஃபைலில் மட்டுமே இதைச் செய்ய வேண்டும். போலி ஃபைலிலும் யாரும் எந்தப் பெயரையும் எழுதிக்கொள்ள முடியும் என்பதால், வாட்ஸ்அப்பில் வந்த ஃபைலை வைத்து நம்பகப் பட்டியலைத் தொடவே கூடாது.

இன்னொரு கெட்ட பழக்கமும் பரவலாக இருக்கிறது. இ-ஆதாருக்குப் பாஸ்வேர்டு உண்டு: பெயரின் முதல் 4 எழுத்துகள் ஆங்கிலப் பெரிய எழுத்தில், அதையடுத்துப் பிறந்த ஆண்டு. அதைத் தட்டச் சோம்பல்பட்டு, 'சேவ் ஆஸ் பிடிஎஃப்' என்று பிரிண்ட் கொடுத்துப் பாஸ்வேர்டு இல்லாத நகல் எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். பாஸ்வேர்டோடு டிஜிட்டல் கையொப்பமும் அதில் போய்விடுகிறது. மிஞ்சுவது கையொப்பம் இல்லாத வெறும் நகல். அதை எந்த மென்பொருளாலும் சரிபார்க்க முடியாது. அசல் ஃபைலை அப்படியே பத்திரப்படுத்தி, கேட்கும் இடத்தில் அதையே தர வேண்டும்.

பழைய, நினைவகம் குறைந்த கணினியில் அக்ரோபேட் திணறும். பாடநூலும் வினாத்தாளும் மட்டும் பார்ப்பவர்களுக்கு சுமத்ரா பிடிஎஃப் மிக எடை குறைந்தது, சட்டென்று திறக்கும். கையொப்பச் சரிபார்ப்பை மட்டும் அதனிடம் எதிர்பார்க்க முடியாது. லினக்ஸ் உள்ள பள்ளி ஆய்வகங்களில் வேறொரு சிக்கல்: படம் திருத்தும் ஜிம்ப் அல்லது அலுவலக மென்பொருளான லிப்ரேஆபிஸ் நிறுவிய பிறகு பிடிஎஃப் அவற்றில் திறந்து, பக்கம் சிதறி நிற்கும். ஃபைலின் பிராப்பர்ட்டீஸில் 'ஓப்பன் வித்' போய் பிடிஎஃப் படிப்பதற்கான எவின்ஸையோ ஓகுலரையோ டிஃபால்ட் ஆக்கினால் தீர்ந்தது.

ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் 'வியூ' மெனுவில் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் (ஃபைல் எந்த வகை என்று காட்டும் பெயரின் கடைசிப் பகுதி) என்பதையும் இயக்கி வைக்க வேண்டும். அது இல்லாவிட்டால் '.பிடிஎஃப்.ஈஎக்ஸ்ஈ' என்று முடியும் வைரஸ் ஃபைலும் திரையில் வெறும் '.பிடிஎஃப்' என்றே தெரியும்.

சான்றிதழ் வழங்கும் துறைகளுக்கு ஒரு வேண்டுகோள். டவுன்லோட் பொத்தானுக்கு அருகிலேயே, எந்த மென்பொருளில் திறக்க வேண்டும், கையொப்பத்தை எப்படிச் சரிபார்க்க வேண்டும் என்று தமிழில் நான்கு வரி போடுங்கள். சரிபார்க்கும் அலுவலர்களின் கணினிகளிலும் இதே அமைப்பைச் செய்து கொடுங்கள். தாளில் கேள்விக்குறி இருக்கிறது என்பதற்காக மட்டும் யாரையும் திருப்பி அனுப்ப வேண்டாம். ஃபைலைக் கேட்டு வாங்கித் தங்கள் கணினியிலேயே சரிபார்க்கட்டும்.

இப்படிக்கு,
கணினிப் பயிற்றுநர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி